எட்டிப் பார்ப்பவனைப் பிடிக்க எவ்வளவாகும்?

“எவ்வளவாகும்?” என்று கேட்கிறவரை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கல்யாண வரவேற்பில் மணப்பெண்ணைப் பார்க்கும் முன் மண்டபத்தின் கூரையைப் பார்த்து, பூ ஜாடிகளை எண்ணி, கேக்கின் அடுக்குகளை எண்ணி, கடைசியில் மாப்பிள்ளையின் கையைக் குலுக்கும்போது வாழ்த்துக்குப் பதிலாக மண்டப வாடகையை விசாரிப்பாரே, அவர்தான். பிறந்த குழந்தையை ஆஸ்பத்திரிக் கண்ணாடி வழியே பார்த்து, “மூக்கு அப்படியே அப்பன் மூக்கு, ரூமுக்கு ஒரு நாளைக்கு என்ன வாங்கறான்?” என்பவர். துக்க வீட்டில் சவப்பெட்டியை விரல் முட்டியால் தட்டி, ஓக் மரம்தான் என்று உறுதி செய்துகொண்டு, அதன் பிறகே விதவையின் பக்கம் திரும்புகிறவர். இந்த இனத்துக்கு அழிவே கிடையாது.

இவரைக் கஞ்சன் என்று நினைத்தீர்களானால் இனத்தையே தப்பாகப் புரிந்துகொண்டீர்கள். கஞ்சன் பாவம், தன் பையைக் கட்டிக்கொண்டு தூங்குகிறவன், அவனால் அடுத்தவருக்குத் தொந்தரவில்லை. நம் ஆசாமிக்குத் தன் பணத்தைப் பற்றிக் கவலையே கிடையாது. உங்கள் வீடு தீப்பிடித்தால் முதலில் வாளியோடு ஓடிவருகிறவர் அவர்தான். ஓடிவந்து, மூச்சு வாங்க நின்று, தீயணைப்பு வண்டிக்காரர்கள் தண்ணீருக்குத் தனியாகக் காசு வாங்குவார்களா என்று கேட்பார். நல்ல மனிதர். அதுதான் சங்கடமே.

எங்கள் மாநிலச் சட்டமன்றத்தில், இரண்டாம் மாடியில், நீதிக் குழு கூடுகிற அறையில் எனக்கு வேலை. சாட்சி சொல்ல வருகிற பொதுமக்களுக்குத் தலைக்கு இரண்டு நிமிடம். ஆரம்பித்தால் பச்சை விளக்கு, முடியப்போகிறது என்றால் மஞ்சள், போதும் என்றால் சிவப்பு. பொத்தான்கள் என் மேசையில் இருக்கின்றன. செனட்டர்களுக்கு விளக்கு கிடையாது. அவர்கள் எப்போது நிறுத்துவார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது.

குழுவின் தலைவர் செனட்டர் மெர்ல் டோலெஃப்சன். ஊரில் அறுவடை இயந்திரம் விற்கிறவர். பனிக்காலம் முழுவதும் எங்களோடு சட்டம், ஏர் பூட்டும் பருவம் வந்தால் வியாபாரம். நான் மேலே சொன்ன இனத்தின் குறையில்லாத மாதிரியை எங்காவது கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டுமென்றால் இவரைத்தான் வைக்க வேண்டும். ஒரு மசோதாவின் முதல் பக்கத்தை இவர் படித்து யாரும் பார்த்ததில்லை. மசோதாவைக் கையில் வாங்குவார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார், டையின் நுனியால் துடைப்பார், மாட்டுவார், பிறகு சீட்டாட்டக்காரர் கட்டைத் திருப்புவது போல ஒரே திருப்பாகக் கடைசித் தாளுக்குப் போய்விடுவார்.

கடைசித் தாளில் என்ன இருக்கிறது? வரவு செலவுக் குறிப்பு. எங்கள் மாநிலத்தில் எந்த மசோதா வந்தாலும், அதனால் அரசாங்கத்துக்கு என்ன செலவு, என்ன வரவு என்று ஒரு குறிப்பு எழுதி ஒட்டியாக வேண்டும். செலவு என்று அதில் ஓர் எண் இருந்துவிட்டால் மசோதா நிதிக் குழுவுக்குப் போகும். அங்கே அதை யாரும் எதிர்ப்பதில்லை. எதிராக யாரும் ஓட்டுப் போடுவதுமில்லை. எல்லோரும் அதைப் பற்றி நல்லபடியாக நாலு வார்த்தை சொல்கிறார்கள். அது பாட்டுக்கு ஒரு தட்டில் கிடந்து, கூட்டத்தொடர் முடிகிற அன்று மரியாதையாகச் செத்துப்போகிறது.

இத்தனைக்கும் போன வருஷம் சட்டமன்றக் கோபுரத்துக்குப் புதிதாகத் தங்க முலாம் பூசத் தீர்மானித்தபோது டோலெஃப்சன் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. செனட்டர்களின் நாற்காலிகளுக்குத் தோல் மாற்றியபோதும் கேட்கவில்லை. உட்கார்ந்து பார்த்துவிட்டு, “சுகமா இருக்கு” என்றார். அப்படியானால் எப்போது கேட்கிறார்? அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

இந்தப் பனிக்காலத்தில் செனட்டர் பானி ஆஸ்ட்ராண்டர் ஒரு மசோதா கொண்டுவந்தார். அடுத்தவர் குளியலறையிலும் படுக்கையறையிலும் எட்டிப் பார்ப்பதும், ஒளித்து கேமரா வைப்பதும் எங்கள் மாநிலத்தில் சிறு குற்றம். சட்டப் புத்தகத்தில் தொண்ணூறு நாள் வரை சிறை என்று இருக்கும். நடப்பில் முந்நூறு டாலர் அபராதம். உறைந்த ஏரியில் அனுமதிச் சீட்டு இல்லாமல் மீன் பிடித்தாலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மீனின் மானத்தை எங்கள் மாநிலம் என்றைக்குமே குறைத்து மதிப்பிட்டதில்லை.

ஆஸ்ட்ராண்டரின் மசோதா இரண்டு விஷயம் கேட்டது. இரண்டாம் தடவை பிடிபட்டால், சிறு குற்றம் என்ற வகையிலிருந்து ஒரு படி ஏற்றி, ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சிறை. குற்றம் செய்தவன் வீட்டுக்காரன் என்றால், அவன் இனி யாருக்கும் வீடு வாடகைக்கு விடக் கூடாது. அவ்வளவுதான். சாட்சி சொல்ல ஒரே ஒரு பெண் வந்திருந்தார். வான்கோழி ஆலையில் இறைச்சி வெட்டும் வரிசையில் வேலை செய்கிற ஷெல்பி வானெக். சம்பளமில்லாத விடுப்புப் போட்டுவிட்டு, பனியில் மாநிலத்தின் அந்தக் கோடியிலிருந்து காரோட்டி வந்து, மேல்கோட்டைக் கழற்றாமல் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

ஆனால் முதலில் பேசியது அவர் இல்லை. குறிப்பு எழுதுகிற கொரின்தான். கொரின் கெட்டிக்காரப் பெண். அடுத்த வருஷம் மாநிலத்தில் எத்தனை பேர் குளியலறை ஜன்னலில் ஏறுவார்கள் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்லச் சொன்னால், யாராக இருந்தாலும் ராஜினாமா செய்திருப்பார்கள். கொரின் கணக்கிட்டார்.

“தலைவரே, இந்த மாதிரி கேஸ் ரொம்பக் கம்மி,” என்றார்.

“ஏன் கம்மி?” என்று ஆஸ்ட்ராண்டர் கேட்டார்.

“புகார் குடுக்கறவங்க கம்மி, மேடம்.”

“ஏன் குடுக்கறதில்ல?”

“குடுத்து என்ன பிரயோஜனம், முந்நூறு டாலர்தானேன்னு விட்டுடறாங்க போல. ஆனா அதெல்லாம் எங்க குறிப்புல வராது, மேடம். நாங்க காசு மட்டும்தான் பாக்கறது.”

டோலெஃப்சன் கண்ணாடியைத் துடைத்தார். “சரி, எவ்வளவாகும்?”

அப்புறம் வந்தது பாருங்கள் ஊர்வலம். ஒவ்வோர் இலாகாவும் எழுதி அனுப்பியிருந்த பதிலைக் கொரின் வாசித்தார். மாவட்டச் சிறையில் ஒரு கட்டிலுக்கு ஒரு நாளைக்கு ஆகும் செலவு. கட்டிலில் படுக்கிறவன் மூன்று வேளை சாப்பிடுகிற செலவு. நிஜமாகவே சிறை என்றால் அவனுக்கு அரசாங்கம் வைத்துக் கொடுக்க வேண்டிய வக்கீலின் செலவு. வீடு வாடகைக்கு விடாமல் இருக்கிறானா என்று யாராவது போய்ப் பார்க்க வேண்டுமே, அவர்களுக்குப் பெட்ரோல் செலவு. எல்லாவற்றுக்கும் மேலாக, நீதிமன்றத்தின் கணினிப் பிரிவு நாற்பதாயிரம் டாலர் கேட்டிருந்தது.

“நாப்பதாயிரமா? எதுக்கு?”

“கம்ப்யூட்டர்ல ஒரு கட்டத்துல ‘சிறு குற்றம்’னு இருக்கறதை மாத்தணுமாம் ஐயா.”

“ஒரு கட்டத்தையா?”

“ஒரே ஒரு கட்டம்தான். ஆனா அந்த ப்ரோகிராம் எழுதினவரு ரிட்டயராகி அரிசோனா போயிட்டாரு.”

குழு முழுவதும் அனுதாபத்தோடு தலையாட்டியது. அறைக்குள் அன்று முதன்முதலாக ஒரு துயரம் எல்லோருக்கும் புரிந்தது.

டோலெஃப்சனுக்கு இன்னொரு கவலை இருந்தது. “வரவுப் பக்கம் வருவோம். தண்டனை ஜாஸ்தியாச்சுன்னா இந்தப் பசங்க பயந்துபோய் எட்டிப் பாக்கறதையே விட்டுட்டா? அபராத வருமானம் படுத்துடுமே?”

“அதையும் யோசிச்சோம் ஐயா,” என்றார் கொரின். “இந்தச் சட்டத்தால யாரோட நடத்தையும் மாறப் போறதில்லன்னு வச்சுக்கிட்டுத்தான் கணக்கு போட்டிருக்கோம்.”

“நல்லது, நல்லது,” என்று டோலெஃப்சன் நாற்காலியில் சாய்ந்தார்.

நான் காதில் விழுந்ததைத்தான் சொல்கிறேன். சட்டம் செய்வதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஒரு குழு, செய்யப்போகிற சட்டத்தால் ஒரு மாற்றமும் வராது என்று கேட்டு நிம்மதி அடைந்தது. ஒருவர் பேனாவை மூடினார். இன்னொருவர் எலுமிச்சைக் கேக் துண்டுகள் இருந்த தட்டைப் பக்கத்து நாற்காலிக்கு நகர்த்தினார். அதற்கப்புறம்தான், பட்டியலில் பெயர் இருக்கிறதே என்பதற்காக, ஷெல்பி வானெக்கைக் கூப்பிட்டார்கள்.

நான் பச்சையை அழுத்தினேன்.

“நான் குடியிருக்கற வீட்டுக்காரர் பேரு லைல் ஹாஃப்ஸ்டாட்,” என்று ஆரம்பித்தார். குரல் நடுங்கவில்லை, வழியெல்லாம் காரில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். “குளியலறைல காத்து போறதுக்கு மேல ஒரு ஜல்லடை இருக்கும்ல, அதுக்குள்ள கேமரா வச்சிருந்தார். எனக்கு முன்னாடி அந்த வீட்டுல இருந்த பொண்ணுக்கும் அதையேதான் பண்ணியிருக்கார். ரெண்டு தடவையும் பிடிச்சாங்க. ரெண்டு தடவையும் முந்நூறு டாலர். கோர்ட்டு வாசல்ல எனக்கு ‘வரட்டுமா’ன்னு கைய ஆட்டிட்டுப் போனார். இப்பவும் நான் விளக்கை அணைச்சுட்டுத்தான் குளிக்கிறேன்.”

டோலெஃப்சன் முன்னால் குனிந்தார். அவர் முகத்தில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. அதை நான் மறுக்க மாட்டேன். “ரொம்பக் கஷ்டமா இருக்கும்மா, கேக்கறதுக்கே. அந்த அபராதத்தை ஒரேயடியாக் கட்டிட்டாரா? இல்ல தவணையா?”

“ஒரேயடியாக் கட்டிட்டார் ஐயா.”

“பரவாயில்லையே.”

“அடுத்த மாசம் என் வாடகையில இருபத்தஞ்சு டாலர் ஏத்திட்டார். ஒரு வருஷத்துக்குத்தான்னு சொன்னார். பன்னெண்டு மாசம். நீங்களே பெருக்கிப் பாத்துக்குங்க. அந்தத் தாள்ல வரவுன்னு ஒண்ணு போட்டு வச்சிருக்கீங்களே, அது அவர் குடுத்த காசு இல்லைங்க. நான் குடுத்த காசு.”

ஆஸ்ட்ராண்டர் கையால் வாயை மூடிக்கொண்டார். மஞ்சள் எரிந்துகொண்டிருந்தது, சிவப்பை அழுத்த எனக்கு மறந்துபோயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைக் கேட்டபிறகு ஒரு மனிதன் என்ன சொல்வான்? ஐயோ என்பான். அடப் பாவி என்பான். அதற்கும் வாய் வராவிட்டால் சும்மாவாவது இருப்பான்.

டோலெஃப்சன் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

“கொரின், இது நம்ம குறிப்புல வருமா?”

“வராது ஐயா. குடியிருக்கறவங்க குடுக்கறது தனியார் செலவு. மாநிலத்துக்குப் பாதிப்பில்ல.”

“அப்ப சரி,” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது, வந்தது என்றே சொல்லிவிடுகிறேன். பொத்தானைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. அது மேசையோடு சேர்த்துத் திருகப்பட்டிருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு இந்த இனத்தின் சூட்சுமம் பிடிபட்டது. உங்களுக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்டால், பதில் வருகிற வரைக்கும் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். பதிலைக் கேட்டபிறகு ஏதாவது செய்யவும் வேண்டியிருக்கும். எவ்வளவாகும் என்று கேட்டால் அந்தத் தொல்லையே இல்லை. பதில் தாளில் இருக்கும். தாளைப் பார்த்துக்கொண்டே இருந்துவிடலாம், நீங்கள் எழுந்து போகிற வரைக்கும்.

இடைவேளை விட்டார்கள். காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் டோலெஃப்சனும் ஆஸ்ட்ராண்டரும் தலையோடு தலை சேர்த்துப் பேசினார்கள். எனக்கு ஆஸ்ட்ராண்டர்மேல் குறை சொல்ல மனமில்லை. இருபது வருஷமாக மசோதாக்களைத் தட்டிலேயே சாகக் கொடுத்தவர்.

“பானி, இதை நிதிக் குழுவுக்கு அனுப்பினா என்ன ஆகும்னு உனக்கே தெரியும்,” என்றார் டோலெஃப்சன். “செலவை எடுத்துடு. நானே ஓட்டுப் போடறேன். ஒருத்தர் விடாம எல்லாரையும் போட வைக்கிறேன்.”

“செலவை எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கும் மெர்ல்?”

“அபராதம் இருக்கே! முந்நூறை ஆயிரமாக்கு. பய அலறணும்.”

ஆக, சிறையை அடித்தார்கள். கட்டிலும் சாப்பாடும் வக்கீலும் மிச்சம். வாடகைக்கு விடக் கூடாது என்பதை அடித்தார்கள், பெட்ரோல் மிச்சம். சிறு குற்றம் சிறு குற்றமாகவே இருக்கட்டும் என்று விட்டார்கள். அரிசோனாவில் இருப்பவரை எழுப்ப வேண்டியதில்லை. கொரின் பத்தே நிமிடத்தில் புதுக் குறிப்போடு வந்தார். கழித்தல் குறி இருந்த இடத்தில் கூட்டல் குறி இருந்தது. டோலெஃப்சன் அதைப் பார்த்த பார்வையை, அவருடைய பேரன் முதன்முதலாக நடந்தபோதுகூட அவரிடம் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஓட்டெடுப்பில் எதிர்த்து ஒரு கையும் எழவில்லை. கைதட்டினார்கள். டோலெஃப்சன் முதல் வரிசையைப் பார்த்து, “உங்க தைரியத்தாலதாம்மா இது நடந்தது,” என்றார். ஷெல்பி வானெக் சுற்றுமுற்றும் பார்த்தார், வேறு யாரையோ சொல்கிறார்கள் என்பது போல.

கதை இதோடு முடிந்திருந்தால் டோலெஃப்சனை வில்லனாக்கிவிட்டு நாமெல்லாம் நிம்மதியாகச் சாப்பிடப் போகலாம். அதற்கு அவர் வழிவிடவில்லை. சாயங்காலம் நான் வெளியே வந்தபோது, வண்டி நிறுத்துமிடத்தில் ஷெல்பியின் சின்னக் கார் பனியில் புதைந்து சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. காருக்குப் பின்னால் முழங்கால் வரை பனியில் நின்று, நல்ல கோட்டும் நல்ல ஷூவும் நாசமாக, மண்வெட்டியால் வெட்டி வெட்டி எறிந்துகொண்டிருந்தவர் யார்? மாநிலத்தின் மாண்புமிகு செனட்டர்தான். மூஞ்சி சிவந்து, மூச்சு இரைந்து, தோளைக் கொடுத்துத் தள்ளுகிறார். ஒரு வார்த்தை, எவ்வளவாகும் என்று அவர் வாயிலிருந்து வரவில்லை. தன் முதுகு என்றால் கணக்கே கிடையாது அவருக்கு.

“இப்ப மெதுவா மிதிம்மா! மெதுவா! ஆங், வருது, வருது!”

கார் துள்ளி வெளியே வந்தது. ஷெல்பி கார்க் கண்ணாடியை இறக்கினார்.

“ரொம்ப தேங்க்ஸ் ஐயா.”

“இதுல என்ன இருக்கு. வழியில பாத்துப் போ, பாலத்து மேல வழுக்கும்.”

“ஐயா, ஒண்ணு கேக்கலாமா?”

“கேளும்மா, தாராளமா.”

“அடுத்த தடவை மாட்டினா அவர் ஆயிரம் டாலர் கட்டணும். சரி. அந்த ஆயிரத்தை அவர் யார்கிட்ட வாங்குவாரு?”

டோலெஃப்சன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார். மூக்குக் கண்ணாடிமேல் பனி விழுந்திருந்தது. டை கோட்டுக்குள் இருந்ததால் துடைக்க முடியவில்லை.

“அது உங்க ரெண்டு பேருக்குள்ள உள்ள விஷயம்மா,” என்றார் அன்பாக. “மாநிலத்துக்கு அதுல ஒரு காசு நஷ்டமில்ல.”

ஷெல்பி திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நானும் சேர்ந்துகொள்ளலாம் என்றுகூட இருந்தேன். அவர் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு மெதுவாக வண்டியை எடுத்தார். பாலத்து வழியாகத்தான் போனார். அந்த வீட்டுக்குத்தான், அந்தக் குளியலறைக்குத்தான், விளக்கை அணைத்துவிட்டுக் குளிக்கத்தான் போனார்.

இனி உங்களிடம் ஒரு வார்த்தை. இவ்வளவு நேரம் டோலெஃப்சனைப் பார்த்துச் சிரித்தீர்கள், சரி. ஆனால் வாடகை ஏறியது என்று ஷெல்பி சொன்ன இடத்தில், இந்தப் பெண் இன்னும் ஏன் அங்கேயே இருக்கிறாள், பேசாமல் வேறு வீடு பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதானே, ஒரு வண்டியைப் பிடித்துச் சாமானை ஏற்றினால் அதற்கு அப்படி எவ்வளவாகிவிடப் போகிறது என்று ஒரு நொடி உங்கள் மனதில் ஓடியதா இல்லையா? வாய்விட்டுக் கேட்கவில்லையே என்கிறீர்களா?

டோலெஃப்சனும் முதலில் மனதுக்குள்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.